பொருநைக் கரையில் பழைய இடங்கள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

விடுமுறை நெருங்குகிறது. ஆதிச்சநல்லூர், கழுகுமலை, கொற்கை பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

சென்னையிலிருந்து நான்கு பேர் வருகிறோம். பத்து வயதுப் பையனும் எழுபது வயது அம்மாவும் கூட உண்டு. திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை, நவதிருப்பதி ஒன்பது கோயில், இத்தனையும் ஒரே நாளில் முடியுமா?
— வாசகி, தாம்பரம்

கார் இருந்தால் எல்லா வாசலையும் தொட்டுவிடலாம். ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். நவதிருப்பதியை வேறொரு நாளுக்கு வையுங்கள். அது தரிசனம், அதற்குரிய நிதானம் வேண்டும். மீதியில் கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், கொற்கை மூன்றும் ஒரு நாளுக்குச் சரியாக இருக்கும்.

எதை முதலில் பார்ப்பது என்பதைக் கோயில் நடைதான் முடிவு செய்கிறது. இந்தப் பக்கக் கோயில்களில் பகல் 12 மணியை ஒட்டி நடை சாத்தினால் மாலை 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். பலரும் திருநெல்வேலி ஜங்ஷனில் டிபன் முடித்து, பத்து மணிக்குக் கிளம்பி, முதலில் ஆதிச்சநல்லூர் போய்விட்டுத் திரும்பும்போது கிருஷ்ணாபுரத்தில் இறங்குகிறார்கள். அங்கே பூட்டிய கதவுதான் இருக்கும். எட்டு மணிக்குக் கிருஷ்ணாபுரம் வாசலில் நில்லுங்கள். திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர்தான்.

வெங்கடாசலபதி கோயில் மதுரை நாயக்கர் காலத்தது, 16-ஆம் நூற்றாண்டு. வீரப்ப நாயக்கர் மண்டபத்துத் தூண் சிற்பங்களுக்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன் சிலையைச் சுற்றி வந்து பாருங்கள். முன்னால் நின்றால் முகம் மட்டும் தெரியும். பக்கவாட்டில் வந்தால் பாரம் தாங்கும் உடம்பில் விலா எலும்பு வரிசையாகப் புடைத்திருப்பதும், காலில் நரம்பு ஓடுவதும் தெரியும். நாகாஸ்திரம் ஏந்திய கர்ணன், தாடி வைத்த அர்ஜுனன், அன்னத்தின் மேல் ரதி, இவற்றையும் அதே மாதிரி மூன்று பக்கம் நின்று பார்க்க வேண்டும். பையனிடம் ஒரு வேலை கொடுங்கள்: எந்தச் சிலையில் நகம் தெரிகிறது என்று தேடச் சொல்லுங்கள். அதற்கப்புறம் அவனைக் கூப்பிட்டு வருவதுதான் சிரமம்.

பத்தரைக்குள் ஆதிச்சநல்லூர் போய்விடலாம். இறந்தவர்களைத் தாழி என்னும் பெரிய மண்பானையில் வைத்துப் புதைத்த பழைய இடுகாடு இது. ரோட்டை ஒட்டியே அந்தப் பரம்பு, அதாவது மேட்டு நிலம், விரிந்து கிடக்கிறது, நூறு ஏக்கருக்கு மேல். தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடி பதித்துத் தாழிகளை எடுத்த இடத்திலேயே காட்டும் காட்சிக்கூடம் 2023-லிருந்து இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் வையுங்கள். வெளியே நிழல் குறைவு. அம்மாவுக்குக் குடையும் தண்ணீரும் கட்டாயம்.

மதியச் சாப்பாட்டை ஸ்ரீவைகுண்டத்தில் முடித்துவிடுங்கள். கொற்கைப் பக்கம் ஹோட்டலை எதிர்பார்த்துப் போக வேண்டாம். வெயில் தாழ்ந்ததும் ஏரல் வழியாகக் கொற்கை. பாண்டியரின் துறைமுகம் என்று படித்துவிட்டு அலையைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். கடல் இப்போது ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பொருநை என்கிற தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் நிலத்தைக் கிழக்கே வளர்த்ததுதான் காரணம். வாழையும் நெல்லும் நிற்கும் அந்தச் சமநிலம்தான் பார்க்க வேண்டிய சான்று. குளத்துக்குள் இருக்கும் வெற்றிவேல் அம்மன் கோயில், பழைய வன்னி மரம், பக்கத்து அக்கசாலையில் ஈஸ்வரமுடையார் கோயில் மூன்றையும் பாருங்கள். அக்கசாலை என்றால் காசு அடிக்கும் இடம். ஊர்ப்பெயரே சாட்சி சொல்கிறது.

சிவகளைக்குப் போகச் சொல்லவில்லை. பெருமை இல்லாமல் அல்ல: அங்கே தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலக்கணிப்பு வந்தது, இரும்புக்குக் கி.மு. 3345 வரை போகும் கணிப்பை 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்டது. ஆனால் அகழாய்வு முடிந்ததும் குழியை அளந்து, வரைந்து, படமெடுத்து மண் போட்டு மூடிவிடுவார்கள். திறந்து போட்டால் ஒரே ஐப்பசி மழையில் சுவர் சரிந்து மண்ணடுக்கு கலந்துவிடும். ஆகவே போனால் காடுதான் தெரியும். அங்கே எடுத்த பொருள்களைப் பார்க்கத் திருநெல்வேலி ரெட்டியார்பட்டி மலையில் இருக்கும் பொருநை அருங்காட்சியகம் போங்கள்.

நாளைக் குறிக்கும்போது வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அரசு அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் அன்றுதான் விடுமுறை. மாநில அரசின் அருங்காட்சியகம் என்றால் இரண்டாம் சனியும் சேர்த்துக்கொள்ளுங்கள். கந்தசஷ்டி, வைகாசி விசாகம், தைப்பூசம் நாட்களில் திருச்செந்தூர் ரோடு முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். அப்போது இந்தத் திட்டம் நடக்காது.

ஆதிச்சநல்லூரில் கண்ணாடிக்குக் கீழே தாழிகளைப் பார்த்தோம். படத்தில் பார்த்த தங்கப் பட்டமும் வெண்கலமும் இல்லையே. எங்கே போயின? தாழியில்தான் என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகர், விருதுநகர்

இங்கே மண்ணைத் திறந்தவர்கள் பலர், ஆளுக்கொரு ஊருக்கு எடுத்துப் போனார்கள். 1876-ல் ஜெர்மனியின் யாகோர் தோண்டினார். அவர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899-லிருந்து ஐந்தாறு ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். நெற்றியில் கட்டும் தங்கப் பட்டங்கள், இரும்பு ஆயுதங்கள், எருமையும் சேவலும் நாயும் நிற்கும் வெண்கல மூடிகள், இவை அவர் எடுத்தவை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில்தான் அவற்றைப் பார்க்க வேண்டும். 2004-ல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது, 2021-லிருந்து மீண்டும் ஒரு சுற்று. நெல்லைச் சீமையின் பொருளைப் பார்க்க நெல்லைக்காரர் எழும்பூருக்கு ரயில் ஏறிய காலம் நூறு ஆண்டுக்கு மேல் நடந்தது என்பது வருத்தம்தான். ரெட்டியார்பட்டி மலையில் 13 ஏக்கரில் எழுந்திருக்கும் பொருநை அருங்காட்சியகம் அந்தக் குறையில் பாதியைத் தீர்க்கிறது. சிவகளை, ஆதிச்சநல்லூர், கொற்கை மூன்றுக்கும் அங்கே தனித்தனி இடம் உண்டு. இரண்டரை மணி நேரமாவது வேண்டும்.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், முதலில் பரம்பு, அப்புறம் அருங்காட்சியகம் என்போம். மண்ணுக்குள் தாழி எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனால், பெட்டிக்குள் இருக்கும் ஒரு கிண்ணம் எங்கிருந்து வந்தது என்று கண் தானாகப் பொருத்திக்கொள்ளும்.

தாழியின் அடிப்பாகத்தை முதலில் பாருங்கள். பேரிக்காய் மாதிரிக் கீழே கூம்பி வரும். தட்டையான தரையில் அது நிற்காது. நிற்க வைப்பதற்காகச் செய்ததே இல்லை. சரளைக்கல் பாறையை வெட்டிக் குழி எடுத்து அதில் இறக்கியிருக்கிறார்கள். அவ்வளவு கெட்டித் தரையை வெட்டியிருக்கிறார்கள் என்றால் கையில் நல்ல இரும்பு இருந்திருக்கிறது. பயிர் விளையும் மண்ணை விட்டுவிட்டு மேட்டைத் தேர்ந்திருக்கிறார்கள் என்பதையும் சுற்றிலும் பார்த்தால் புரியும்.

பிறகு தாழிக்கு உள்ளும் புறமும் வைத்த சிறு கலயங்கள். வெளியே சிவப்பு, உள்ளேயும் வாய் விளிம்பிலும் கறுப்பு. இரண்டு வண்ணம் பூசியதல்ல. சூளையில் கலயத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் வாய்ப்பக்கம் சாம்பலிலும் உமியிலும் புதைந்து காற்றுப் படாமல் கறுக்கும். வெளிப்பக்கம் காற்றுப் பட்டு மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். கறுப்பும் சிவப்பும் சந்திக்கும் கோடு ஒரே மட்டத்தில் ஓடாமல் ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். சூளையில் சாம்பல் எதுவரை நின்றது என்பதன் அடையாளம் அது.

கழுகுமலை போனோம். பகல் பன்னிரண்டுக்கு மலையேறி வியர்த்ததுதான் மிச்சம். சமணச் சிற்பமெல்லாம் பாறையோடு பாறையாகத் தட்டையாகத் தெரிந்தது. போட்டோவும் சரியாக வரவில்லை. என்ன தவறு?
— வாசகர், சங்கரன்கோவில்

நேரம்தான் தவறு. புடைப்புச் சிற்பம் பாறையிலிருந்து சில விரற்கடைதான் வெளியே நிற்கும். அதை நமக்குக் காட்டுவது நிழல். வெயில் சாய்ந்து விழுந்தால் மூக்குக்கும் தோளுக்கும் தீர்த்தங்கரர் தலைக்கு மேலிருக்கும் முக்குடைக்கும் ஓரத்தில் நிழல் கட்டும், உருவம் எழுந்து வரும். உச்சி வெயிலும் சரி, நேர் எதிரே விழும் வெயிலும் சரி, அந்த நிழலை அழித்துவிடும். காலையில் காவலர் கதவு திறந்த கையோடு ஏறுங்கள், இல்லாவிட்டால் மாலை நான்கு மணிக்கு மேல். மேகம் போட்ட நாளாக இருந்தால் ஒரு டார்ச் கொண்டுபோய்ப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். எதிரே நின்று அடிக்காதீர்கள். ஒருவர் டார்ச் பிடிக்க, இன்னொருவர் பிளாஷை அணைத்துவிட்டு எடுத்தால் போனிலேயே படம் தெளிவாக வரும்.

சிற்ப வரிசைக்குக் கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து ஓடுகிறது. ஏறக்குறைய நூறு கல்வெட்டுகள். படிக்கத் தெரியாவிட்டாலும் அதற்கு டார்ச் காட்டுங்கள். பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான்: இன்ன ஊர், இன்னார் செய்வித்த திருமேனி. ஆசிரியர்களாக இருந்த பெண் துறவிகளைக் 'குரத்திகள்' என்று மரியாதையோடு குறிக்கின்றன. அரசன் ஒருவன் பணம் கொட்டிச் செய்த வேலையல்ல இது. பல ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு மாடம் என்று செய்து வைத்தது. அதனால்தான் ஒரே பாறையில் மாடத்துக்கு மாடம் அளவும் கைத்திறனும் மாறுகின்றன. எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு எழுத்தின் பள்ளத்தில் தங்கிவிடும், ஒவ்வொரு தேய்ப்பிலும் விளிம்பு மழுங்கும்.

வெட்டுவான் கோயிலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. மலையை மேலிருந்து ஏழரை மீட்டர் ஆழத்துக்குச் சுற்றிலும் அகழ்ந்து, நடுவில் நிறுத்திய ஒரே பாறையைக் கோயிலாக்கியிருக்கிறார்கள். கல் அடுக்கிக் கட்டும் கோயில் அடியிலிருந்து எழும்பும். இது உச்சியிலிருந்து இறங்கியது. பணி பாதியில் நின்றதால் அந்த முறையைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேலே சிகரமும் பூதகணங்களும் மெருகேறி முடிந்திருக்கின்றன, கீழே வரவர உளிக்கொத்து அப்படியே நிற்கிறது. முதலில் மேல் விளிம்பில் நின்று சுற்றி வாருங்கள், அப்புறம் கீழே இறங்குங்கள். தெற்குப் பக்கம் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைத் தவற விட்டுவிடக் கூடாது. வேறு சில கோயில்களில் வீணையோடு பார்த்திருப்பீர்கள். இங்கே விரல் தோலின் மேல் இருக்கிறது.

சங்கரன்கோவிலிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் பஸ் உண்டு. மலை மேல் தண்ணீர் கிடைக்காது, அடிவாரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஈரமான பாறை வழுக்கும். மழை விட்ட மறுநாள் பெரியவர்களை ஏற்ற வேண்டாம். பங்குனி உத்திரத்தன்று கீழே கழுகாசலமூர்த்தி கோயிலில் தேர்க்கூட்டம், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைக் குழந்தைகள் தட்டிப் பார்க்கலாமா?
— வாசகி, மேலப்பாளையம்

கூடாது அம்மா. மணிமண்டபத்தில் ஒரே கல்லில் நடுத்தூணைச் சுற்றி 48 சிறு தூண்கள் செதுக்கியிருக்கிறார்கள். தடிமனுக்கும் நீளத்துக்கும் தக்கபடி ஒவ்வொன்றும் வேறு சுரம் எழுப்பும். மெல்லிய கல் என்பதால்தான் ஒலிக்கிறது. மெல்லிய கல் என்பதால்தான் உடையும். மோதிரத்தாலும் சாவியாலும் தட்டித் தட்டி ஒரே இடத்தில் வழவழப்பாகத் தேய்ந்திருப்பதை அருகில் போனால் பார்க்கலாம். மயிரிழை விரிசல் விழுந்தாலே சுரம் போய்விடும், ஒட்டிச் சரி செய்ய வழியில்லை. பிள்ளைகளைத் தூணுக்குத் தூண் தடிமன் எப்படி மாறுகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே சங்கிலி மண்டபம் வழியாக அம்மன் சன்னதிக்கு நடங்கள். தனித்தனியாக இருந்த இரண்டு கோயில்களையும் 1647-ல் வடமலையப்ப பிள்ளையன் இணைத்த மண்டபம் அது.

திருப்புடைமருதூர்க் கோபுரத்துக்குள் ஓவியம் இருக்கிறதாமே. இரண்டு முறை போயும் கோபுரக் கதவு பூட்டியிருந்தது.
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

நாறும்பூநாதர் கோயில் நடை திறந்திருப்பது வேறு, கோபுர மாடி திறப்பது வேறு. முன்கூட்டியே கோயில் அலுவலகத்தில் கேட்டு, அனுமதி கிடைத்த பிறகு போங்கள். பராமரிப்பு நடக்கும் காலத்தில் யாரையும் ஏற்ற மாட்டார்கள், வற்புறுத்துவது நியாயமில்லை.

உள்ளே ஐந்து நிலை. சுவர் முழுக்க ஓவியம், தூணிலும் உத்தரத்திலும் மரச் சிற்பம். ஏணிப்படி குறுகல், நிலைக்கு நிலை இருட்டு. இரண்டு மூன்று பேராக ஏறுங்கள். தோள்பையைக் கீழேயே வைத்துவிடுங்கள். ஓவியத்துக்கு அதிகச் சேதம் வருவது திரும்பும்போது உரசும் பையாலும் சாயும் முதுகாலும்தான். சுண்ணச் சாந்தின் மேல் ஏறிய வண்ணம் ஒரு தாளின் கனம்கூட இல்லை. வியர்வையின் உப்பும் எண்ணெய்ப் பசையும் பட்ட இடம் சில ஆண்டில் செதிளாக உரியும். விரலால் சுட்டும்போதுகூட ஒரு முழம் தள்ளி நில்லுங்கள்.

குதிரைகளை ஏற்றி வரும் கப்பல் ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். பாண்டி நாட்டுக் கரைக்கு அரபுக் குதிரை கடல் வழியே வந்த வரலாற்றைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருப்போம். இங்கே கப்பல் நிறையக் குதிரைத் தலைகள்.

ஓவியத்தில் ஆசை இருந்தால் குற்றாலம் சித்திரசபையையும், கடையநல்லூர்ப் பக்கம் திருமலாபுரம் குடைவரையில் மிஞ்சியிருக்கும் முற்காலப் பாண்டியர் ஓவியத் துணுக்குகளையும் சேர்த்து இன்னொரு நாள் வையுங்கள்.

பாஞ்சாலங்குறிச்சியில் இருப்பது கட்டபொம்மன் கட்டிய கோட்டைதானா?
— வாசகர், நாங்குநேரி

இல்லை. நீங்கள் உள்ளே போவது 1974-ல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை. கட்டபொம்மனைக் கயத்தாறில் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர் தம்பி ஊமைத்துரை கோட்டையை மறுபடி எழுப்பினார். அந்த மே மாதம் அதுவும் வீழ்ந்தது. அதன் பிறகு கும்பினியார் தரைமட்டமாக்கினார்கள். நினைவுக்கோட்டைக்குப் பக்கத்தில் வேலி போட்ட இடத்தில் பழைய அடித்தளம் தெரிகிறது. அதைப் பார்க்காமல் பலர் திரும்பிவிடுகிறார்கள். எங்களைக் கேட்டால் அந்த அடித்தளத்தின் ஓரம் பத்து நிமிடம் நிற்பதுதான் அங்கே போனதன் பயன்.

காலையில் கயத்தாறில் தொடங்கி, கோவில்பட்டி, எட்டயபுரம் பாரதி பிறந்த வீடு, 1947-ல் திறந்த மணிமண்டபம், பிறகு குறுக்குச்சாலை என்னும் ஊர் வழியாக ஒட்டப்பிடாரம் வ.உ.சி. இல்லம், கடைசியில் பாஞ்சாலங்குறிச்சி என்று போனால் வந்த வழியே திரும்ப வேண்டியிருக்காது.

வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது பெரிய பானை விளிம்பு தட்டுப்பட்டது. சொன்னால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், ஸ்ரீவைகுண்டம் வட்டம்

முதலில் கடப்பாரையை நிறுத்துங்கள். பானையை எடுக்காதீர்கள், உள்ளிருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள், கழுவாதீர்கள். நெல் உமியும் எலும்புத் துணுக்கும் அந்த மண்ணில்தான் இருக்கும். காலம் சொல்வது அவைதான். சிவகளைக்கு வயது கொடுத்தது தாழிக்குள் இருந்த நெல்தானே. பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம் என்று குறித்துவையுங்கள். தென்னை ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடி, கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். அரசு அந்தப் பொருளை எடுத்துக்கொண்டால் அதன் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவும் அதே சட்டத்தில் இடம் உண்டு. மறைத்தால்தான் குற்றம். பானை கிடைத்துவிட்டது என்பதாலேயே மனை கைவிட்டுப் போய்விடாது.

மனை எங்கே இருக்கிறது என்பது தனிக் கேள்வி. மத்தியத் தொல்லியல் துறை காக்கும் இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை. அந்த 100 மீட்டருக்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் தூரத்துக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். ஆதிச்சநல்லூர்ப் பரம்பை ஒட்டி மனை வாங்குகிறவர்கள் பத்திரம் போடுமுன் இந்தத் தூரத்தை அளந்துகொள்ள வேண்டும். புரோக்கர் வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கொடுத்துவிட்டு அப்புறம் எங்களுக்கு எழுதுகிறவர்கள் உண்டு.

ரயிலுக்கு நான்கு மணி நேரம் இருக்கிறது. ஊரைவிட்டுப் போகாமல் எதைப் பார்க்கலாம்?
— வாசகி, கோயம்புத்தூர்

பாளையங்கோட்டைக்கு ஆட்டோ பிடியுங்கள். அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம். கோட்டை இடிந்துபோய் மிஞ்சிய வாசல் மேல் நிற்கும் மேடைப் போலீஸ் ஸ்டேஷன், குளோரிந்தா கட்டிய 1785-ஆம் ஆண்டுத் தேவாலயம், 1826-ன் ஊசிக்கோபுரம் மூன்றையும் மீதி நேரத்தில் முடித்துவிடலாம். ஜங்ஷனுக்குத் திரும்பும் வழியில் கொக்கிரகுளத்தில் இறங்கி ஆற்றங்கரைக்குப் போங்கள். பாலத்தின் மேலே வண்டியில் போனால் அது வெறும் ரோடு. கீழே கரையில் நின்றால் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்து 1843-ல் திறந்த பாலத்தின் கல் வளைவுகள் பதினொன்றையும் எண்ணலாம். அங்கிருந்து ரயில் நிலையத்துக்குப் பதினைந்து நிமிடம் வையுங்கள். மாலை ஐந்தரைக்கு மேல் என்றால் பாலத்தில் நெரிசல். அரை மணி நேரம்.